நடிகர்களை நடுங்க வைத்த வால்ட்டர் விஞ்செல்

அமெரிக்க நடிகர், நடிகைகள் பயந்து பயந்து படித்த பத்திரிகைப் பகுதி ஒன்று இருந்தது. அதில் பெயர் வந்தாலும் பயம். வராவிட்டாலும் கவலை!

அதை எழுதியவர், வால்ட்டர் விஞ்செல்.

ரஷியாவில் இருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில், 1897-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந்தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். படிப்பு 6-ம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆட்டம், பாட்டு, தமாஷ் நடத்தும் ஒரு மேடைக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்தார்.

ஆட்டம் சுமார்தான். ஆனால் காது கூர்மை. சக கலைஞர்களைப் பற்றிக் கேட்டதை எல்லாம் துணுக்குகளாக டைப் அடித்து, மேடைக்குப் பின்னால் ஒட்டி வைப்பார். அதைப் படிக்கக் கூட்டம் கூடும். அதுதான் அவருடைய முதல் பத்திரிகை.

ரேடியோவில்

1924-ல் ஒரு மாலைப் பத்திரிகையில் வேலை கிடைத்தது. 1929-ல் "டெய்லி மிரர்" பத்திரிகைக்கு மாறினார். யாருக்கு யாரோடு காதல், யார் வீட்டில் விவாகரத்து என்று மூன்று புள்ளி வைத்து மூன்று புள்ளி வைத்து எழுதுவார். அதற்கு முன் பத்திரிகைகள் இதை எல்லாம் எழுதத் தயங்கின. இன்று நாம் டீக்கடையில் படித்துச் சிரிக்கும் கிசுகிசுவுக்கு இவரை முன்னோடி எனலாம்.

1930-ல் ரேடியோவில் பேசத் தொடங்கினார். தந்தி அடிக்கும் சத்தத்துடன், மூச்சு விடாமல் செய்தி சொல்வார். 1932 டிசம்பரில் அவருடைய 9 வயது மகள் குளோரியா நிமோனியா காய்ச்சலில் இறந்து போனாள்.

ஜெர்மனியில் ஹிட்லர் தலை எடுத்ததுமே, அவனைக் கடுமையாகத் தாக்கியவர் விஞ்செல். பலர் வாய் மூடி இருந்த நேரம் அது. 1939-ல் போலீசார் வலை வீசித் தேடிய கொலைகாரக் கும்பல் தலைவன் லெப்கே, சரண் அடைவதற்கு நம்பி வந்தது இவரிடம்தான். அவனைக் காரில் ஏற்றிச் சென்று, எப்.பி.ஐ. தலைவர் ஹூவரிடம் ஒப்படைத்தார்.

நண்பரான எழுத்தாளர் டாமன் ரன்யன் 1946-ல் புற்றுநோயால் இறந்தபோது, அவர் பெயரில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். அந்த அறக்கட்டளை அவர் மறைந்த பிறகும் தொடர்ந்தது.

சறுக்கல்

இத்தனையும் செய்தவர், பேனாவைப் பழி வாங்கவும் பயன்படுத்தினார். 1951-ல் நியூயார்க் விடுதி ஒன்றில், கறுப்பின நடிகை ஜோசபின் பேக்கருக்கு உணவு பரிமாறாமல் அவமதித்தனர். அன்று அங்கே இருந்த விஞ்செல் தட்டிக் கேட்கவில்லை என்று நடிகை குறை கூறினார். உடனே அவரைக் கம்யூனிஸ்டு என்று எழுதித் தாக்கினார், விஞ்செல். குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர் இப்படிச் செய்தாரே என்றுதான் மனம் கேட்கிறது.

அதன் பிறகு செல்வாக்கு சரிந்தது. 1963-ல் "டெய்லி மிரர்" மூடப்பட்டது. 1968 கிறிஸ்துமஸ் நாளில் மகன் தற்கொலை செய்துகொண்டார்.

1972 பிப்ரவரி 20-ந்தேதி, 74-வது வயதில் லாஸ் ஏஞ்சல்சில் விஞ்செல் காலமானார். கோடிக்கணக்கானோர் கேட்ட குரல் அவருடையது. அடக்கத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர்: மகள் வால்டா.