டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

பிணியுற்ற சிறு குழந்தை தன் துன்பத்தை எடுத்துரைக்கும் ஆற்றல் அற்றது. அதன்பொருட்டுப் பிறரே பேசுதல் வேண்டும். பெற்றோர் பேசுவர், மருத்துவர் பேசுவர். ஆனால், குழந்தைக்குக் கேடு விளைப்பது அக்குடும்பத்தார் போற்றிவரும் பழைய வழக்கமாகவே இருப்பின், அதற்காகப் பேசுபவர் யார்? அங்கே நாட்டின் சட்டமே பேசுதல் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து, மருத்துவமனையிலிருந்து சட்டசபைக்குச் சென்றவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், கோவில் தொண்டுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கமுடைய குலத்தில் தோன்றியவர். பெண்கள் கல்லூரிப் படியேறுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், முத்துலட்சுமியை மகாராஜா கல்லூரியில் சேர்த்தலாகாது எனப் பலர் எதிர்த்தனர். எனினும், புதுக்கோட்டை மன்னர் இசைவு தந்தார். ஆண் மாணவரிடையே தனியொரு பெண்ணாக அமர்ந்து அம்மையார் கல்வி பயின்றார்.

1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-இல் சிறப்புறத் தேறினார். பின்னர், எழும்பூர் அரசினர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையிற் பணியாற்றினார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும். தம் கொள்கைக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்று முன்னரே கூறி, அவரது உறுதியைப் பெற்ற பின்னரே அம்மையார் திருமணத்துக்கு இசைந்தார்.

இந்திய மாதர் சங்கத்தாரின் வேண்டுகோளை ஏற்று, அம்மையார் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். 1927-இல் உறுப்பினர் அனைவரும் ஒருமனமாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தனர். மருத்துவத் தொழிலை விட்டு அரசியலில் இறங்குதல் தகுமோ என்னும் தயக்கம் அவருக்கு முதலில் இருந்தது. ஆயினும், மருந்தினால் மட்டும் தீராத நோய்கள் பல உள்ளன என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளை முறையாக மருத்துவச் சோதனை செய்தல் வேண்டும் என்றும், குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றும் சட்டசபையில் வற்புறுத்தினார்.

அந்நாளில் சிறுமியர்க்கு விளையாட்டுப் பருவத்திலேயே மணம் முடிப்பது பெருவழக்காயிருந்தது. உடல் முதிராத சிறுமி தாயானால் தாய்க்கும் கேடு; சேய்க்கும் கேடு. நோயுற்ற பின் மருத்துவர் காப்பாற்ற முயல்வதினும், நோய்க்குக் காரணமான வழக்கத்தை முன்னரே தடுப்பதன்றோ சிறப்பு! பெண்ணின் மணவயது 16-க்கும், ஆணின் மணவயது 21-க்கும் குறைதலாகாது என அம்மையார் 1928-இல் சட்டசபையில் வாதாடினார். 1929-இல் இந்தியா முழுமைக்கும் இயற்றப்பட்ட சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயதையே எல்லையாக வகுத்தது. அது 18 வயதாக உயர்வதற்கு 1978-ஆம் ஆண்டு வரை நாடு காத்திருக்க நேர்ந்தது.

அம்மையார் எதிர்த்த மற்றொரு வழக்கம், சிறுமியரைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுதல் என்பதாகும். ஒன்றும் அறியாத வயதில் நிகழும் அச்சடங்கு, மணவாழ்வு பெறும் உரிமையை அவர்களிடமிருந்து பறித்தது. அக்குடும்பங்கள் கோவில் மானிய நிலத்தைக் கொண்டே வாழ்ந்தன. பெண் ஒருத்தியைக் கோவிலுக்குத் தந்தாலன்றி நிலம் நிலைக்காது. ஆதலால், வறுமைக்கு அஞ்சியே பலர் பெண்களை நேர்ந்துவிட்டனர். இக்காரணத்தை ஆராய்ந்தறிந்த அம்மையார், தொண்டு செய்யும் கடமையை நீக்கி, நிலத்தை மட்டும் அக்குடும்பத்தார்க்கே உரியதாக்கும் சட்டத்தை 1929-இல் நிறைவேற்றச் செய்தார். சமயத்துக்குத் தீங்கு என்றனர் சிலர். கலை அழியும் என்றனர் வேறு சிலர். அக்குலத்துப் பெண்களிலும் எதிர்த்தோர் உண்டு. அம்மையார் தளர்ந்தாரல்லர். பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவையும் கொணர்ந்தார். ஆனால், 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்து வெளியேறினார். அவர் தொடங்கிய பணி 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறைவுற்றது.

ஆனால், சட்டம் உரிமையைத் தரும். உணவும் உறைவிடமும் தாராது. பழைய வழக்கத்தினின்றும் தப்பிவந்த சிறுமியர்க்கு விடுதிகள் கதவடைத்தபோது, அம்மையார் தம் இல்லத்தின் கதவைத் திறந்தார். 1931-இல் தோன்றிய ஒளவை இல்லம், ஆதரவற்ற பெண்களுக்குக் கல்வியும் புகலும் அளித்தது.

அம்மையாரின் தங்கை இளமையிலேயே புற்றுநோயால் மாண்டார். அத்துயரம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என ஐயுற்றோர் பலர். அம்மையார் வீடுதோறும் சென்று பொருள் திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அஃது இன்று நாடறிந்த நிலையமாக வளர்ந்துள்ளது. 1956-இல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். கருவுற்ற ஏழைத் தாய்மார்க்கு நிதி வழங்கும் திட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு அவர் பெயரையே சூட்டியுள்ளது. பெற்றோரின் அன்பும், மருத்துவரின் திறனும், சட்டத்தின் காவலும் ஒருங்கே கூடினால்தான் குழந்தையின் நல்வாழ்வு நிலைபெறும் என்பதை அம்மையாரின் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது. பேச இயலாதார்க்காகப் பேசுதலே கற்றார்க்கு உரிய கடன் என்பதை நாம் உணர்ந்து நடப்போமாக.