கணித மேதை ராமானுஜன் பட்ட மனக்கஷ்டம்



டிசம்பர் 22 தேசிய கணித தினம். அன்னைக்கு பிரேயரில் சீனிவாச ராமானுஜன் பற்றிப் பேசுவோம். 1729 டாக்ஸி நம்பர் கதை எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் அதை நான் எழுதவில்லை. அவர் மனசு பட்ட பாட்டை எழுதுகிறேன்.

1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். எந்நேரமும் கணக்கு, கணக்கு என்றே இருந்ததால் மற்ற பாடங்களில் தவறினார். உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். வயசு 17. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. நாம மேதை என்று கொண்டாடுகிறவர் இரண்டு காலேஜில் ஃபெயில்!

எங்க அக்கா பத்தாவதில் கணக்கில் ஃபெயில் ஆனப்ப இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா திட்டவே இல்லை, ராத்திரி அவள் பக்கத்திலேயே படுத்துக்கிட்டாங்க. மூணாம் நாள் சாப்பிட்டாள்.

1909-இல் ஜானகியுடன் கல்யாணம். 1912-இல் சென்னை துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913-இல் இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி கூப்பிட, 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

கேம்பிரிட்ஜில் ஒரே குளிர். ராமானுஜன் ராத்திரியில் கோட்டு, சால்வை எல்லாம் போட்டுக்கொண்டு படுத்தும் நடுங்கினார். மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் அறைக்கு வந்தபோது விசாரித்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஆனால் ஓரமெல்லாம் மெத்தைக்கடியில் செருகி இருந்ததால், அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவர் மேலேயே படுத்திருக்கிறார், பாவம். ஒருத்தர் கேட்டதும் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது.

மற்றதை யாரும் கேட்கவில்லை. உலகப்போர் வந்துவிட்டது. சைவம் என்பதால் தானே சமைப்பார், நேரத்துக்குச் சாப்பிட மாட்டார். ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை. ஜானகி எழுதின கடிதங்களை மாமியார் தடுத்துவிட்டார். ஏன் எழுதவில்லை என்று இவர் அங்கே தவித்தார்.

ஒருநாள் நண்பர்களை விருந்துக்குக் கூப்பிட்டு, தானே சூப் செய்து பரிமாறினார். (நான் ரசம் என்றே நினைத்துக்கொண்டேன்.) மூன்றாம் தடவை ஊற்ற வந்தபோது வந்திருந்த பெண்கள் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். சொல்லாமல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். ஒரு கரண்டி சூப்புக்காகவா இவ்வளவு என்று முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அது சூப்பால் வந்த வருத்தமே இல்லை.

1917-இல் கடும் நோய். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. 1918 தொடக்கத்தில் லண்டனில் உயிரை விடத் துணிந்தார். நல்லவேளை, பிழைத்தார். போலீஸ் பிடித்துக்கொண்டது. அப்போது அங்கே அது குற்றம். 1961-இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். ஹார்டி ஓடிவந்து, இவர் பெரிய அறிஞர் என்று பேசி விடுவித்தார். நம் நாட்டில் 2017-இல் வந்த மனநலச் சட்டம், இப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று எடுத்துக்கொண்டு, அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. அவர் காலத்தில் 14416 இல்லை. இப்போது ராத்திரி பகல் எந்நேரமும் அதில் பேசலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். ஃபெயில் ஆனாலும், வீட்டில் சண்டை என்றாலும் பேசலாம். நம்பரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1918 மே மாதம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1919 மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கியதும், ஜானகி எங்கே என்றுதான் முதலில் கேட்டாராம். பிறகு ஜானகி வந்து சேர்ந்தார். சோறு, எலுமிச்சைச் சாறு, மோர் என்று நேரம் தவறாமல் கொடுத்தார். வலி என்றால் காலுக்கும் நெஞ்சுக்கும் ஒத்தடம் கொடுத்தார். ராமானுஜன் படுத்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், 1920 ஏப்ரல் 26 வரை. அப்போது அவருக்கு வயது 32.

— 9ஆம் வகுப்பு மாணவி