பூட்டிய அரங்கில் ஒரு மேட்ச், 52 வருட ரகசியம்: யார் இந்த ஜான் மெக்லெண்டன்?

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்ற ஊர். காலை 11 மணி வாக்கில் ஊர் மக்கள் பெரும்பாலும் சர்ச்சில் இருக்கிறார்கள். போலீஸ்காரர்களும்தான். அந்த நேரம் பார்த்து, நேர் வழியை விட்டுச் சுற்று வழியில் வந்த கார்கள், கறுப்பின மாணவர்கள் படிக்கும் கல்லூரியின் ஜிம் முன்னால் நிற்கின்றன. இறங்கிய வெள்ளைக்கார இளைஞர்கள் கோட்டைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடுகிறார்கள். உடனே கதவு பூட்டப்படுகிறது.

உள்ளே ஒரு கூடைப்பந்து மேட்ச் நடக்கப் போகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் வெளியே தெரிந்தால் உயிர் போகலாம்.

இந்த மேட்சை ஏற்பாடு செய்தவர் அந்தக் கல்லூரியின் கோச், ஜான் மெக்லெண்டன். அப்போது அவருக்கு 28 வயது.

கோர்ட்டுக்குள் விடவில்லை, கோச் ஆனார்

1915-ல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர் மெக்லெண்டன். கூடைப்பந்து என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்தவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் நைஸ்மித். 1891-ல் இரண்டு பழக் கூடைகளை மாட்டி இந்த விளையாட்டையே கண்டுபிடித்த மனிதர்!

ஆனால், பல்கலைக்கழக அணியில் மெக்லெண்டனுக்கு இடம் கிடையாது. கறுப்பினத்தவர் என்பதுதான் காரணம். விளையாட்டைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் படிக்கலாம், விளையாட மட்டும் கூடாது என்றால் என்ன நியாயமோ! நீச்சல் குளத்திலும் இதே கதைதான். அவர் நீந்திவிட்டுப் போன பிறகு குளத்துத் தண்ணீரையே வெளியேற்றினார்கள். அவர் விடவில்லை. நைஸ்மித்தும் பக்கபலமாக நின்றார். கடைசியில் குளம் எல்லா மாணவர்களுக்கும் திறந்தது.

1936-ல் பட்டம். அந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பின மாணவர் அவர். கோர்ட்டில் இறங்கி ஆட முடியாதவர், ஓரத்தில் நின்று ஆட்டத்தைக் கவனித்தே அதன் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டார்.

அந்த சீசனில் என்ன நடந்தது?

டர்ஹமில் அவர் வேலை பார்த்தது, கறுப்பின மாணவர்களுக்கான வடக்கு கரோலினா கல்லூரி. இன்று அதற்கு வடக்கு கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம் என்று பெயர். 1940-ல் அங்கே தலைமை கோச் ஆனார். அப்போதெல்லாம் கூடைப்பந்து மெதுவான ஆட்டம். பந்தை நிதானமாகக் கைமாற்றி, நின்று குறிபார்த்துப் போடுவார்கள். மெக்லெண்டன் அதைத் தலைகீழாக்கினார். பந்து கைக்கு வந்த நொடியே எதிர்க் கூடையை நோக்கி ஓட வேண்டும். பந்து போய்விட்டால் கோர்ட்டின் முழு நீளத்துக்கும் எதிராளியை விரட்ட வேண்டும். இதற்கு மூச்சு வேண்டுமே? பையன்களை ஓட வைத்தே தயார்படுத்தினார். இன்று டிவியில் நாம் பார்க்கும் ‘ஃபாஸ்ட் பிரேக்’ ஆட்டத்தை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் இவர்.

1943-44 சீசனில் இந்த அணி ஒரே ஒரு மேட்ச்சில்தான் தோற்றது. ஆனாலும் பெரிய தேசியப் போட்டிகளின் கதவு திறக்கவில்லை. அவை வெள்ளையர் கல்லூரிகளுக்கு மட்டும்தான். ஜெயிக்கலாம், ஆனால் யாரை ஜெயித்தோம் என்று காட்ட முடியாது. ஒரு கோச்சுக்கு இதைவிடப் பெரிய எரிச்சல் இருக்க முடியாது.

அதே ஊரில்தான் டியூக் பல்கலைக்கழகமும் இருக்கிறது. போர்க்காலம் என்பதால், வேறு கல்லூரிகளில் நட்சத்திர வீரர்களாக இருந்த பலர் ராணுவப் பயிற்சித் திட்டத்தில் அங்கே மருத்துவம் படிக்க வந்திருந்தார்கள். அந்த மருத்துவ மாணவர் அணி, எதிர்த்தவர்களை எல்லாம் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு கல்லூரி மாணவர்களும் ரகசியமாகச் சந்தித்துப் பேசும் பிரார்த்தனைக் கூட்டங்கள் அப்போது நடந்தன. அங்கே எந்த டீம் பெஸ்ட் என்று பேச்சு வந்தது. பேச்சு சவாலானது. மெக்லெண்டன் சரி என்றார்.

சும்மா சொல்லிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இனப் பிரிவினை சட்டமாகவும் வழக்கமாகவும் இறுகிக் கிடந்த காலம் அது. அதே ஆண்டு ஜூலையில், அதே டர்ஹமில், பஸ்ஸில் இருக்கை தொடர்பாக நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு கறுப்பின ராணுவ வீரரை டிரைவர் சுட்டுக் கொன்றார். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி அந்த டிரைவரை விடுதலை செய்தது. பஸ் சீட்டுக்கே இந்த நிலைமை என்றால், இரு இனத்தவரும் உடம்போடு உடம்பு மோதி ஆடும் மேட்ச்சுக்கு என்ன ஆகும்? கோச்சின் வேலை போவதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

அதனால்தான் அத்தனை ஜாக்கிரதை. ரெஃப்ரி உண்டு, கடிகாரம் உண்டு, பார்வையாளர்கள் கிடையாது. விஷயம் கசிந்து, சில மாணவர்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள்.

தொடக்கத்தில் இரு பக்கமும் பதற்றம். லேசான பாஸ்கூடத் தவறியது, போட்ட பந்து கூடையில் விழவில்லை. பிறகு மெக்லெண்டனின் பையன்கள் ஓட ஆரம்பித்தார்கள். டியூக் அணி அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததே இல்லை. இறுதி ஸ்கோர் 88-44. சரியாக இரண்டு மடங்கு!

எனக்கு இந்த ஸ்கோரைவிட அடுத்து நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். இந்த முறை இரண்டு அணிகளையும் கலந்து பிரித்து, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பக்கம். ஆட்டம் முடிந்து ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து அரட்டையும் அடித்தார்கள். அதன் பிறகுதான் டியூக் மாணவர்கள் கிளம்பிப் போனார்கள்.

உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகை நிருபர் ஒருவருக்கு விஷயம் தெரியும். எழுத மாட்டேன் என்று கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். கையில் அப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு எழுதாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 1996-ல் வரலாற்று ஆய்வாளர் ஸ்காட் எல்ஸ்வொர்த் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதிய பிறகுதான் உலகத்துக்கு இது தெரிய வந்தது.

அப்புறம் என்ன ஆனார்?

இனி கதவைப் பூட்டாமல் ஜெயிக்க வேண்டியிருந்தது. 1954-ல் நாஷ்வில் நகரத்தின் டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்குப் போனார். சிறிய கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. தேசியப் போட்டி, கறுப்பினக் கல்லூரிகளுக்கு அப்போதுதான் வழிவிடத் தொடங்கியிருந்தது. கான்சாஸ் சிட்டிக்கு ஆட வருவதென்றால், மற்ற அணிகள் தங்கும் ஓட்டலில்தான் தன் அணியும் தங்கும் என்று நிபந்தனை போட்டார். ஜெயித்தும் காட்டினார். 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன்! அந்த மூன்று அணிகளிலும் ஆடிய டிக் பார்னெட், பிறகு நியூயார்க் நிக்ஸ் அணியோடு இரண்டு என்.பி.ஏ. பட்டங்களை வென்றார்.

1961-ல் கிளீவ்லாந்து பைப்பர்ஸ் தொழில்முறை அணிக்கு கோச் ஆனார். சம்பளப் பிரச்சினையில் உரிமையாளரோடு முட்டிக்கொண்டு சீசன் நடுவிலேயே விலகினார். பிறகு கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகம். வெள்ளையர்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமை கோச் ஆனது அதுவே முதல் முறை.

கூடைப்பந்துக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் 1979-ல் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அந்த அரங்கத்துக்கு வைத்திருப்பது அவருடைய ஆசிரியர் நைஸ்மித்தின் பெயர். ஆனால் மெக்லெண்டனைச் சேர்த்தது எந்தப் பிரிவில்? ‘பங்களிப்பாளர்’ என்று! மூன்று தேசியப் பட்டங்களைத் தொடர்ந்து வென்றவரை கோச் என்று சொல்ல அப்போது மனம் வரவில்லை போலும். 1999 அக்டோபரில், 84 வயதில் அவர் இறந்தார். கோச் என்ற பிரிவிலும் அவர் பெயர் சேர்ந்தது 2016-ல்தான்.

88-44 மட்டும் அந்த சீசனின் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறவில்லை.