இந்தியாவில் ரயில் பாதை போட்டவர் பைலட்டுகளுக்கு பாராசூட் செய்தது ஏன்? எவரார்ட் கால்த்ராப் கதை

கடம்பத்தூர் ஸ்டேஷனில் நிற்காமல் தடதடவெனக் கடந்து போகும் மும்பை மெயிலைப் பார்த்திருப்பீர்கள். அரக்கோணம், ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று போகும் அந்த ரயில், புனேவுக்கு முன்னால் குர்துவாடி என்ற ஊரைத் தாண்டும். இன்று அது சாதாரண ஜங்ஷன். பழைய ரயில் ஆர்வலர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு குட்டி ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது.

அந்தப் பாதையைப் போட்ட இங்கிலாந்து இன்ஜினியரின் பெயர் எவரார்ட் ரிச்சர்ட் கால்த்ராப். ரயில்வே வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டு. பலருக்கும் தெரியாத இன்னொரு இடமும் உண்டு. விமானிகளின் உயிர் காக்கும் பாராசூட்டுக்காக, சொந்தக் காசைப் போட்டு, வருடக்கணக்கில் அதிகாரிகளிடம் மல்லுக்கு நின்ற மனிதர் அவர்.

யார் இந்த கால்த்ராப்?

1857 மார்ச் 3-ம் தேதி இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். (ராயபுரத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது 1856-ல். கடம்பத்தூர் தண்டவாளம் அவரைவிட ஒரு வயது மூத்தது!) குரூவ் ரயில்வே பட்டறையில் தொழில் பழகிவிட்டு, 1882-ல் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயில் லோகோமோட்டிவ் இன்ஸ்பெக்டர் வேலைக்காக இந்தியா வந்தார். பம்பாயிலிருந்து ராய்ச்சூர் வரை வந்து மெட்ராஸ் ரயில்வேயோடு கை கோத்த கம்பெனி அது.

வேலை பார்த்த இடத்தில் அவர் கண்ணில் பட்டது ஒரு எளிய பிரச்சினை. மெயின் லைனிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் பெரிய பாதை போட்டால் செலவு கட்டுப்படியாகாது. போடாவிட்டால் பருத்தி மூட்டைகள் மாட்டு வண்டியிலேயே கிடக்கும். பார்சி அப்படிப்பட்ட ஊர். குர்துவாடியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்.

கால்த்ராப் கண்டுபிடித்த வழி, எடையைப் பிரித்துப் போடுவது. இன்ஜினோ வேகனோ எதுவானாலும் ஒரு அச்சுக்கு 5 டன்னுக்கு மேல் சுமை இறங்கக்கூடாது என்று வைத்துக்கொண்டார். சுமை சமமாகப் பரவினால் மெலிதான தண்டவாளமே போதும். இரண்டரை அடி அகலப் பாதை, அதாவது 762 மில்லிமீட்டர். பார்சி லைட் ரயில்வே 1897-ல் ஓடத் தொடங்கியது. பிறகு பண்டரிபுரம், லாத்தூர் என்று நீண்டது. பண்டரிபுரம் போகும் விட்டல பக்தர்கள் கூட்டத்தை அந்தக் குட்டி ரயில்தான் பல தலைமுறைகளாகச் சுமந்தது.

பாராசூட் கதையில் ரயில் எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கு. எங்கே சுமை விழும், எது முதலில் உடையும், உடைந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிற மூளை அது. அதே மூளைதான் பின்னாடி பாராசூட்டிலும் வேலை செய்தது.

ஒரு நண்பரின் மரணம்

1910 ஜூலை 12. இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் விமானக் காட்சி. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சார்லஸ் ரோல்ஸ் ஓட்டிய விமானத்தின் வால் பகுதி நடுவானில் உடைந்தது. கீழே விழுந்து இறந்துபோனார். வயது 32. விமான விபத்தில் இறந்த முதல் பிரிட்டிஷ்காரர் அவர்தான். ரோல்ஸ், கால்த்ராப்புக்கு நண்பர்.

இந்தியாவிலிருந்து திரும்பி லைட் ரயில்வே ஆலோசகராக நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த கால்த்ராப், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, தனக்குச் சம்பந்தமே இல்லாத துறையில் இறங்கினார். 1913-க்குள் காப்புரிமை வரைக்கும் வந்துவிட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரோல்ஸ் விழுந்தது சுமார் நூறு அடி உயரத்திலிருந்துதான். அந்த உயரத்தில் பாராசூட் இருந்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பது கஷ்டம். இன்றைக்கு பைலட்டுகள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பாராசூட்டுக்கும் அதே நிலைமைதான். விரிந்து காற்று பிடிப்பதற்குச் சில நூறு அடியாவது வேண்டும்.

'கார்டியன் ஏஞ்சல்' எப்படி வேலை செய்தது?

பாராசூட் அதற்கு முன்பே இருந்தது. பலூனில் ஏறிப்போய்க் குதித்துக் காட்டும் வித்தைக்காரர்கள் பயன்படுத்தினார்கள். கல்கத்தாவில் ராம்சந்திர சாட்டர்ஜி 1890-லேயே பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கிக் காட்டியிருக்கிறார். ஆனா பலூன் நின்ற இடத்தில் மிதப்பது. விமானம் வேகமாகப் போவது, அதுவும் ஆபத்து நேரத்தில் சுழன்றுகொண்டே விழுவது. கயிறு சிக்கினால் கதை முடிந்தது.

கால்த்ராப் பட்டுத்துணியை ஒழுங்காக மடித்து ஒரு கூட்டுக்குள் வைத்தார். அந்தக் கூடு விமானத்தின் உடலோடு பொருத்தப்பட்டிருக்கும். விமானி உடம்பில் வார்ப்பட்டை மட்டும். அதிலிருந்து ஒரு கயிறு கூட்டுக்குப் போகும். குதித்தால் போதும். அவர் உடல் எடையே கயிற்றை இழுத்து, பட்டை உருவி, விரித்துவிடும். பயத்தில் கை நடுங்குகிறவனும், குண்டடி பட்டு அரை மயக்கத்தில் இருப்பவனும் எதையும் தேடி இழுக்கத் தேவையில்லை. குறைந்த உயரத்திலும் சட்டென விரியும். அதற்கு அவர் வைத்த பெயர்தான் 'கார்டியன் ஏஞ்சல்', காவல் தேவதை.

1917 ஜனவரியில் ஆர்ஃபோர்ட்னெஸ் சோதனைத் தளத்தில் கேப்டன் கிளைவ் காலெட் சுமார் 600 அடி உயரத்தில் பறந்த ராணுவ விமானத்திலிருந்து அதைக் கட்டிக்கொண்டு குதித்தார். பத்திரமாக இறங்கினார். அந்த ஆண்டு நவம்பரில் தாமஸ் ஆர்ட்-லீஸ் என்ற அதிகாரி, லண்டன் டவர் பிரிட்ஜ் மேலிருந்தே தேம்ஸ் நதியில் குதித்துக் காட்டினார். ஷேக்கில்டனின் அண்டார்டிகா பயணத்தில் போய் உயிரோடு திரும்பியவர் அவர். பாலத்தின் உயரத்தில்கூட இது விரியும் என்று நிரூபிக்கத்தான் அந்தச் சாகசம்.

பிறகும் ஏன் தரவில்லை?

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. விமானங்கள் மரச்சட்டமும் துணியும்தான். பெட்ரோல் டாங்கில் குண்டு பட்டால் சில நொடிகளில் தீ. எரிந்து சாவதா, குதித்துச் சாவதா என்ற இரண்டே வழி.

பாராசூட் வைத்திருந்தால் விமானிகள் சண்டை போடாமல் குதித்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் பயந்தார்கள் என்பது அடிக்கடி சொல்லப்படும் காரணம். அப்படி நினைத்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அதிகாரிகள் தரப்பில் வேறு வாதங்களும் இருந்தன. எடை கூடும், சின்ன விமானத்தில் இடமில்லை, வேகமும் உயரமும் குறையும், சிக்கிக்கொள்ளாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இவற்றில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஆனா ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. பலூனில் உட்கார்ந்து எதிரியை வேவு பார்த்தவர்களுக்கு அதே ராணுவம் பாராசூட் கொடுத்திருந்தது. எதிரி எல்லைக்குள் இறக்கிவிடும் உளவாளிகளுக்கும் கொடுத்தது. 1918 ஆகஸ்டில் இத்தாலியில் அலெசாண்ட்ரோ தந்துரா என்பவர் அப்படி இரவில் இறக்கப்பட்டார். அவர் கட்டியிருந்தது கால்த்ராப்பின் பாராசூட்தான். உளவாளிக்கு உண்டு, அவனைக் கொண்டுபோன பைலட்டுக்கு இல்லை!

ஜெர்மானியர்கள் காத்திருக்கவில்லை. 1918-ல் தங்கள் விமானிகளுக்கு பாராசூட் கொடுக்கத் தொடங்கினார்கள். ஜூன் 29-ம் தேதி எர்ன்ஸ்ட் உடெட் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் விமானி நொறுங்கிய விமானத்திலிருந்து குதித்து உயிர் தப்பினார்.

அதற்கு 23 நாள் கழித்து, ஜூலை 22-ம் தேதி, பிரான்ஸின் கார்வின் பகுதியில் நடந்த வான் சண்டையில் ஓர் இந்திய இளைஞர் இறந்தார். பெயர் இந்திரலால் ராய். கல்கத்தாவில் பிறந்தவர். பிரிட்டிஷ் விமானப்படையின் 40-வது ஸ்குவாட்ரனில் எஸ்.இ.5 ரக விமானம் ஓட்டியவர். இரண்டே வாரத்தில் 10 எதிரி விமானங்களை வீழ்த்தியவர். வயது 19. அவரிடம் பாராசூட் இல்லை. அவருடைய படையில் யாரிடமும் இல்லை.

அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் பிரிட்டிஷ் அதிகாரிகள் மனம் மாறினார்கள். பாராசூட்கள் விமானங்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் நவம்பரில் போர் முடிந்துவிட்டது.

கால்த்ராப் எங்கே தவறினார்?

தேவையைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. வடிவமைப்பில்தான் சறுக்கினார். கூடு விமானத்தோடு இணைந்திருந்ததுதான் அதன் பலம். அதுவே பலவீனமும் ஆனது. 1919-ல் அமெரிக்காவின் மெக்குக் ஃபீல்டு தளத்தில் செயல்விளக்கத்துக்காக கால்டுவெல் என்ற லெப்டினென்ட் 'கார்டியன் ஏஞ்சல்' கட்டிக்கொண்டு குதித்தார். (நம்ம ஊர் கால்டுவெல் இல்லை, இவர் வேறு.) கயிறு விமானத்தின் வால் பக்க உறுப்பில் மாட்டி அறுந்தது. அவர் அங்கேயே விழுந்து இறந்தார்.

அதே மெக்குக் ஃபீல்டில், அதே ஆண்டு ஏப்ரல் 28-ம் தேதி லெஸ்லி இர்வின் வேறு மாதிரி பாராசூட்டோடு குதித்திருந்தார். அது முழுக்க முதுகில் இருக்கும். விமானத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. தள்ளி விழுந்த பிறகு ஒரு வளையத்தைக் கையால் இழுக்க வேண்டும். இறங்கும்போது கணுக்கால் உடைந்தது, ஆனா பாராசூட் ஜெயித்துவிட்டது. உலகம் அந்தப் பக்கம் போனது. பிரிட்டிஷ் விமானப்படையும் 1920-களின் நடுவில் இர்வின் பாராசூட்டையே வாங்கியது.

இர்வின் முறையில் ஒரு விலை உண்டு. வேலை விமானியின் கைக்கு மாறிவிட்டது. 1922 அக்டோபரில் ஹரால்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்க விமானி அந்தரத்தில் வளையத்தைத் தேடி, பதற்றத்தில் கால் பட்டையில் இருந்த இரும்பைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில்தான் சரியானது கிடைத்தது. இன்று பயிற்சியில் இதைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். விமானத்தை விட்டுத் தள்ளிப் போ, வளையத்தைக் கண்ணால் பார், கையால் பிடி, முழுசாக இழு. இறங்கும்போது கால்கள் ஒட்டியிருக்கட்டும், முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். தரையில் பலமுறை பழகாதவனுக்கு வானத்தில் இது ஞாபகம் வராது.

பராமரிப்பு ஏன் அவ்வளவு முக்கியம்?

அவசர பாராசூட் ஒரு விசித்திரமான பொருள். பெரும்பாலானவை ஒருமுறைகூட விரியாமலே ஆயுளை முடித்துக்கொள்ளும். அதனால் உள்ளே என்ன ஆனது என்று வெளியிலிருந்து தெரியாது. கால்த்ராப் காலத்துப் பட்டு ஈரம் பிடித்தால் பூஞ்சை பூக்கும், மடிப்பு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போர் காலத்தில் நைலான் வந்தது. அதற்கும் வெயில் எதிரி, ஆசிட் எதிரி. விமானத்தின் பேட்டரி பக்கத்தில் பையை வைப்பது, வெயில் காயும் காக்பிட்டில் மறந்துவிட்டுப் போவது எல்லாம் ஆபத்து. சென்னை மாதிரி கடலோர ஊர்களில் ஈரப்பதமும் சேரும்.

அதனால்தான் காலக்கெடு. அமெரிக்க விதிப்படி நைலான் போன்ற செயற்கை இழை பாராசூட்டை 180 நாளைக்குள் ஒருமுறை தகுதி பெற்ற ஆள் பிரித்து, பார்த்து, திரும்ப மடித்திருக்க வேண்டும். பட்டாக இருந்தால் 60 நாள்தான். துணியில் கிழிசல், கயிற்றில் தேய்மானம், ஊசிகளில் துரு எல்லாம் பார்த்து, மடித்த தேதியையும் கையெழுத்தையும் அட்டையில் போட்டு, பையிலேயே வைத்துவிடுவார்கள். பைலட் மாட்டுவதற்கு முன் அந்த அட்டையைப் பார்ப்பார். பின் நேராக இருக்கா, முத்திரை நூல் அறுபடாமல் இருக்கா என்றும் பார்ப்பார். இந்தியாவில் ராணுவத்துக்கான பாராசூட்கள் 1941-ல் தொடங்கிய கான்பூர் தொழிற்சாலையில் தயாராகின்றன. 2021-லிருந்து அது கிளைடர்ஸ் இந்தியா லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

கடைசி வருடங்கள்

பாராசூட் கால்த்ராப்புக்குப் பணம் தரவில்லை. வாங்கித்தான் கொண்டது. கூடவே அரேபியக் குதிரைகள் வளர்த்தார். 1920-ல் குதிரைகளைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். குதிரையை அடித்துப் பழக்கக்கூடாது என்ற கட்சி. 1927 மார்ச் 30-ம் தேதி, 70 வயதில் காலமானார். அதே ஆண்டில் அவருடைய பார்சி பாதை மீரஜ் வரைக்கும் போய்ச் சேர்ந்து, 325 கிலோமீட்டர் நீளமானது. 1954-ல் இந்திய அரசு அதை வாங்கியது. 2000-க்குப் பிறகு படிப்படியாக அகலப் பாதையாக மாறிவிட்டது.

அவருடைய கயிறு மட்டும் காணாமல் போகவில்லை. ஆக்ராவில் பயிற்சி பெறும் இந்திய பாராட்ரூப்பர்கள் விமானத்தின் உள்ளே ஓடும் கம்பியில் ஒரு கொக்கியை மாட்டிவிட்டுக் குதிக்கிறார்கள். கயிறு இழுக்கிறது, முதுகில் இருக்கும் பாராசூட் தானாக விரிகிறது. அது விரியாமல் போனால் மார்பில் இன்னொரு சின்ன பாராசூட் இருக்கும். அதற்கு மட்டும் கைப்பிடி.