அட்லாண்டிக்கைத் தாண்டிய மூன்று புள்ளிகள்: மார்கோனி நிஜமாகவே கேட்டாரா?

1901 டிசம்பர் 12. நியூஃபவுண்ட்லாந்து தீவின் சிக்னல் ஹில் குன்று. 27 வயது குலியெல்மோ மார்கோனி காதில் இயர்போனை வைத்துக் காத்திருக்கிறார். சுமார் 3,500 கி.மீ. தள்ளி, இங்கிலாந்தின் போல்டுவில் இருந்து மோர்ஸ் குறியீட்டில் ‘எஸ்’ எழுத்து, அதாவது மூன்று புள்ளிகள், வர வேண்டும். வந்துவிட்டது என்றார் மார்கோனி. சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

யார் இவர்?

1874-ல் இத்தாலியின் போலோன்யாவில் பிறந்தவர். தாய் அயர்லாந்துக்காரர். பட்டப்படிப்பு கிடையாது. 1895-ல் குடும்பத் தோட்டத்திலேயே கம்பியில்லாமல் சிக்னல் அனுப்பினார். அடுத்த ஆண்டு லண்டன் போனார்; 1897-ல் கம்பெனியே தொடங்கிவிட்டார்.

போல்டுவில் என்ன இருந்தது?

அப்போ ஆம்ப்ளிஃபையர் கிடையாது. எல்லாமே தீப்பொறிதான். பேராசிரியர் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங்கின் வடிவமைப்பில், ஆயில் இன்ஜின் ஒன்று 25 கிலோவாட் ஜெனரேட்டரைச் சுழற்றியது. டிரான்ஸ்ஃபார்மர்கள் மின்னழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டுக்கு ஏற்றின. கண்டென்சர்களில் சேர்ந்த மின்சாரம் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே பொறியாகப் பாய்ந்தது. அந்த அதிர்வு ஏரியல் வழியே ரேடியோ அலையாகக் கிளம்பியது.

ஏரியலுக்காக 61 மீட்டர் உயரத்தில் 20 கம்பங்களை வட்டமாக நட்டிருந்தார்கள். செப்டம்பர் புயலில் எல்லாம் சாய்ந்தன. இரண்டே கம்பங்களுக்கு நடுவே விசிறி போலக் கம்பிகளைக் கட்டிச் சமாளித்தார்கள். மறுகரையில் ஏரியலைத் தூக்கிப் பிடித்தது ஒரு பட்டம்!

ஏன் சந்தேகம்?

சிக்னல் காகித நாடாவில் பதிவாகவில்லை. கேட்டது மார்கோனியும் உதவியாளர் ஜார்ஜ் கெம்ப்பும் மட்டும்தான். 1902-ல் ஃபிலடெல்ஃபியா கப்பலில் மார்கோனி மீண்டும் சோதித்தார். இம்முறை நாடாவில் பதிவானது. ஆனா ஒரு சிக்கல்: இரவில் 3,000 கி.மீ.யைத் தாண்டிய சிக்னல், பகலில் சுமார் 1,100 கி.மீ.யோடு நின்றது. சிக்னல் ஹில்லில் அவர் கேட்டதோ பட்டப்பகலில். அது வெறும் இரைச்சலாக இருக்கலாம் என்கிறார்கள் சிலர்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இத்தாலியக் கடற்படை வழியாக அவருக்குக் கிடைத்த பாதரச டிடெக்டர், ஜகதீஷ் சந்திர போஸ் 1899-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது என ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

பிறகு?

1907-ல் அயர்லாந்தின் கிளிஃப்டனுக்கும் கனடாவின் கிளேஸ் பேவுக்கும் இடையே வணிகச் சேவை தொடங்கியது. 1909-ல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுனுடன் நோபல் பரிசு. 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது, உதவி கேட்டு அலறியது மார்கோனி கம்பெனியின் கருவிதான்; 700-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். 1923-ல் முசோலினியின் கட்சியில் சேர்ந்தது தீராத கறை.

1937 ஜூலை 20-ல் மார்கோனி இறந்தார். அஞ்சலியாக பிரிட்டனின் வானொலி நிலையங்கள் 2 நிமிடம் மௌனமாயின.