அம்பழக்காட்டில் கண்மூடிய அகராதித் தந்தை

ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டால் பள்ளி மாணவனும் ஆபீஸ் குமாஸ்தாவும் அகராதியைப் புரட்டுகிறார்கள். அகர வரிசையில் சொல்; பக்கத்திலேயே எளிய பொருள். இந்த வசதியைத் தமிழுக்குச் செய்து தந்தவர் இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியார். அவர் உயிர் நீத்த இடம் ஆலுவாவுக்கு வடக்கே, மாளையை அடுத்த அம்பழக்காடு.

அவர்தான் வீரமாமுனிவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8-ல் பிறந்தவர், ஏசு சபையில் சேர்ந்து 1710-ல் கோவா வந்து இறங்கினார். பிறகு தமிழகம் வந்து, முப்பது வயதுக்கு மேல் தமிழை அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

அன்று சொற்பொருள் அறிய நிகண்டுகளே கதி. அவை செய்யுள் நூல்கள். மனப்பாடம் செய்தவருக்குத்தான் உதவும். ஒரு சொல்லைச் சட்டென்று தேடி எடுக்க முடியாது. எழுத்திலும் சிக்கல். எகரக் குறிலையும் நெடிலையும் ஒரு புள்ளிதான் பிரித்துக் காட்டியது. ஓலையில் புள்ளி விடுபட்டால் எது குறில், எது நெடில் என்று தெரியாது. நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து முனிவர் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார்.

1732-ல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பகுதிகள். சொல்லுக்குப் பொருள், பொருளுக்குரிய பல சொற்கள், ஐம்பூதம் போன்ற தொகைகள், எதுகைச் சொற்கள் என எல்லாம் வரிசைப்படி கிடைத்தன. வெளிநாட்டாருக்காகத் தமிழ்-இலத்தீன் அகராதியும் தொகுத்தார். தேம்பாவணி பாடிய அதே கை, பரமார்த்த குருவின் கதையைப் பேச்சுக்கு நெருங்கிய உரைநடையில் எழுதிற்று. அக்கதை 1822-ல் லண்டனில், ஆங்கில மொழிபெயர்ப்புடனும் சொற்பொருள் பட்டியலுடனும் அச்சாயிற்று. தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரருக்கு அது பாடப்புத்தகம். சதுரகராதி 1824-ல் சென்னையில் அச்சேறியது.

அந்த அச்சுப் பிரதிகளைக் காண முனிவர் இல்லை. கடைசிக் காலத்தில் தமிழகம் விட்டு மலையாள நாடு வந்தவர், 1747 பிப்ரவரி 4-ல் அம்பழக்காட்டில் கண்மூடினார். வயது 66. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

பிழைப்புக்காக வந்த ஊரில் மலையாளமும், வேலைக்காக ஆங்கிலமும் வயது கடந்து கற்க வேண்டியவர்கள் நம்மில் ஏராளம். இனி எங்கே படிப்பு ஏறப்போகிறது என்று சலிப்பவர்களுக்கு, முப்பதுக்கு மேல் அ, ஆ எழுதத் தொடங்கி அகராதி செய்து முடித்த முனிவரின் வாழ்வே விடை.