நூலகப் பேராசான் எஸ். ஆர். ரங்கநாதன்

சென்னையினின்று தென்திசை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதை நமது திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து, கடலூர், சிதம்பரம் வழியாகச் சீர்காழியைச் சேர்கின்றது. சீயாழி என முன்னர் வழங்கிய அவ்வூரில் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தோன்றியவர் ரங்கநாதனார். இக்காலத்துக் கலாசாலைகள் வணிக ஆராய்ச்சியின் பொருட்டுப் பெருஞ்சந்தா செலுத்தி மின்னணுத் தரவகங்களைப் பெறுகின்றன. அவற்றுள் எது கொள்ளத் தக்கது, எது தள்ளத் தக்கது எனத் துணிவதற்கு அளவுகோல் யாது? அவ்வளவுகோலைக் கணிப்பொறி தோன்றுமுன்னரே செய்து வைத்தவர் இப்பெரியார் என்பதே அவரது சரிதத்தை ஈண்டு எழுதப் புகுந்ததன் காரணம்.

ஆறு வயதில் தந்தையாரை இழந்த ரங்கநாதனார், ஊரிலேயே உயர்நிலைக் கல்வியை முடித்துச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதம் பயின்றார். அங்கு ஆசிரியராயிருந்த எட்வர்டு ராஸ் என்பாரைத் தம் ஆயுள் முழுதும் குருவாகவே போற்றினார். பின்னர்ச் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை இராசதானிக் கலாசாலையிலும் கணிதம் போதித்தார். திக்குவாய் உடையவராயிருந்தும் போதனைத் தொழிலையே அவர் பெரிதும் விரும்பினார்.

1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக நியமனம் பெற்றார். ஆனால் மாணவர் நிறைந்த வகுப்பறையை விட்டு, வருவாரற்ற நூலகத்தில் தனித்திருத்தல் அவருக்குச் சிறைவாசமாகவே தோன்றிற்று. சில நாட்களுக்குள்ளேயே பழைய பதவிக்கு மீள வேண்டுமென்று கேட்டார். இங்கிலாந்து சென்று நூலகக் கலையைக் கற்று வந்தபின் முடிவு செய்யலாம் என்று அவரைத் தேற்றி அனுப்பினர். அந்த யோசனையைச் சொன்னவர்களுக்குத் தமிழ்நாடு கடமைப்பட்டுள்ளது என்பேன்.

லண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்னும் அறிஞரிடம் பாடங் கேட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரிற் கண்டார். ஒரு நாள் பெரிய அங்காடி ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அவர் காண நேர்ந்தது. துளையிட்ட சில தகடுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறாகப் பூட்டி, ஒரு கால் வண்டியாகவும் ஒரு கால் பாலமாகவும் அமைக்கக் கண்டதும், நூல்களின் பொருளையும் இவ்வாறே உறுப்புக்களாகப் பிரித்துப் பின் கோக்கலாமே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. அவ்வுறுப்புக்களைக் கோக்கும் திருகாணியாக அவர் கொண்டது முக்காற்புள்ளி. 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை இதன் விளைவேயாகும்.

நம்மூர் உதாரணம் ஒன்றால் இதனை விளக்கலாம். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உண்டு, டி.எம்.வி. என்ற எழுத்துக்களோடு வழங்கும் நிலக்கடலை வகைகள் அவ்வூர்ப் பெயரைத் தாங்கியவை. திண்டிவனத்தில் 1990-இல் நிலக்கடலைக்கு வந்த நோயைத் தடுத்தல் பற்றி ஒரு கட்டுரை உளதெனக் கொள்வோம். பயிர், நோய், தடுக்கும் செயல், இடம், காலம் என அதனைப் பகுத்தால், எந்த உறுப்பைப் பற்றி வினவினும் கட்டுரை கைக்கு வரும். இன்று தரவகத் திரையின் ஓரத்தில் பொருள், இடம், ஆண்டு எனத் தனித்தனியே தெரிவு செய்து தேடலைக் குறுக்குகின்றோமே, அதன் கருத்தும் இதுவே.

1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளே நான் முற்கூறிய அளவுகோல். நூல் பயன்படுதற்கே உரியது. வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் வேண்டும். நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளரும் உயிர் என்பன அவற்றின் சாரம். படிக்கக் குழந்தைக்கும் எளியவை. கைக்கொள்ளப் பெரிய நிறுவனங்களுக்கும் அரியவை!

முதல் விதியின்படி, சந்தா கட்டியும் எவரும் திறவாத தரவகம் சங்கிலியிட்டுப் பூட்டிய பண்டை நூலுக்கு ஒப்பாகும். இரண்டாம் விதி இன்னும் கடுமையானது. கம்பெனிகளின் வரவு செலவுக் கணக்குகளைத் திரட்டித் தரும் பிரௌவெஸ் என்னும் தரவகம் பங்குச் சந்தையை ஆராய்வார்க்குப் பெருந்துணை. ஆயின் விழுப்புரத்திலே அண்ணன் தம்பியர் கூட்டாக நடத்தும் எண்ணெய்ச் செக்கின் கணக்கு அதில் அகப்படாது. அச்செக்குக்காரர்க்கு வேண்டுவது அன்றைய கடலை விலை. அதனை அக்மார்க்நெட் என்னும் அரசினர் தளம் விலையின்றியே தருகின்றது. விலையுயர்ந்ததே சிறந்தது என்போர் வாசகர் யார் என்று கேளாதவர்.

நான்காம் விதியைச் சொல்லின், நம் பக்கத்து உழவர் மல்லாட்டை என்பதை ஏட்டில் நிலக்கடலை என்கின்றோம். பிறர் வேர்க்கடலை என்பர். ஆங்கிலத்திலும் கிரவுண்ட்நட் என்றும் பீநட் என்றும் இரு பெயர்கள் உள. ஒரு பெயரால் தேடினார்க்கு மற்றொரு பெயரின் கீழ் உள்ளவற்றைக் காட்டாத கருவி, எத்துணைக் கோடிப் பக்கங்களை அடக்கியதாயினும், வாசகரின் பொழுதைக் களவாடுவதே. இவ்விடரை நன்கு அறிந்த ரங்கநாதனார், 1934-இல் இயற்றிய பட்டியல் விதிகளில் ஒரு சொல்லினின்று மற்றொரு சொல்லுக்கு வழி காட்டும் குறிப்புக்களுக்கு இடம் வகுத்தார்.

நூலறிவோடு அவர் நின்றாரல்லர். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பெறுதற்கு முன்னின்றார். சங்கத்தாருடன் பல்லாண்டு முயன்றதன் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் தண்டி, அதனைக் கொண்டு ஊர்தோறும் நூலகம் நடத்த வழி செய்த சட்டம் அது. விழுப்புரத்து நூலகத்தில் நாம் கட்டணமின்றிப் பத்திரிகை புரட்டுவது அதன் பயனே.

1945-இல் சென்னையை நீங்கிய பின்னர்க் காசியிலும் டில்லியிலும் பணி புரிந்தார். 1956-இல் தம் மனைவியார் சாரதா அம்மையார் பெயரால் நூலகக் கல்விக்கென ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த, தம் சேமிப்பினின்று லட்சம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு அளித்தார். உடையிலும் உணவிலும் மிக எளியவராக வாழ்ந்து சேர்த்த பொருள் அது. 1962-இல் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். தொழில் துறையினர்க்கு வேண்டிய நுண்செய்திகளை வகைப்படுத்தும் முறைகள் அங்கு ஆராயப்பெற்றன. 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியரானார். 1972 செப்டம்பர் 27-ஆம் நாள் அந்நகரிலேயே காலமாயினார். அவர் திருத்தித் திருத்தி வளர்த்து வந்த கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்பு 1987-இல் வெளிவந்தது.